எதிர் வீட்டு மஞ்சள் கயிறு

ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை எங்கள் தெருவில் கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தங்கச் சங்கிலி இருக்காது. தாலிக்குப் பதிலாக ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு கட்டிய மஞ்சள் கயிறுதான் இருக்கும். செல்போனுக்குள் போகும் சின்னச் சின்னப் பலகைகளைச் சோதித்துத் தட்டில் அடுக்கும் வேலை எங்களுக்கு. சேலையில் ஒரு ஊக்கு இருந்தால்கூட வாசலில் உள்ள கருவி கத்தும். அதனால் சங்கிலி, கம்மல், மெட்டி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வெறும் கயிற்றோடு பஸ் ஏறுவோம்.

இன்னொரு சமயத்திலும் பெண்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாறுவார்கள். சங்கிலி அடகுக்குப் போகும்போது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பார்த்ததும் புரிந்துகொண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

மாரண்டஹள்ளியில் எங்கள் தெருமுனைக்கு விடியும் முன்பே கம்பெனி பஸ் வரும். நானும் எதிர் வீட்டுப் பெண்ணும் ஒன்றாக ஏறுவோம். என்னைவிட இளையவள், பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, தெருவில் தமிழ், கம்பெனியில் தேவைப்பட்டால் கன்னடமும் பேசுவாள். நான் பி.எஸ்சி. இயற்பியல். எனக்குத் தமிழும், யாரும் கேட்காத ஆங்கிலமும்தான். டிரைவருக்குப் பின்னால் இரண்டு சீட் தள்ளி, ஜன்னலோரம் என் இடம். அவள் முதலில் ஏறினால் துப்பட்டாவைப் போட்டு எனக்காகப் பிடித்து வைப்பாள். அந்த ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் தூக்கம்தான் அன்றைக்கு எனக்கே எனக்கு என்று இருந்த நேரம்.

ஒரு நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது ஆள் அனுப்பும் ஏஜென்ட் படிக்கட்டருகே நின்றிருந்தார். ஆர்டர் குறைந்துவிட்டது, ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் நாளையிலிருந்து வர வேண்டாம், வேலை வந்தால் சொல்லி அனுப்புவோம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப்பைச் சொல்வதுபோலச் சொன்னார். பஸ் ராயக்கோட்டையைத் தாண்டியது. பிறகு அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நம்மள்ல யாரை மொதல்ல கூப்டாலும் இன்னொருத்தருக்கும் சொல்லிடணும். சரிங்களா?"

சரி என்றேன். சொல்லும்போதே, என்னை மட்டும் கூப்பிட்டால் நான் இவளுக்காகப் பேசுவேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. எனக்கு எதிலும் இப்படி ஒரு சந்தேகம் உடனே வந்துவிடும். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான்.

மறுநாள் இருவரும் பீரோவைத் திறந்து சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டோம். கழுத்து கனத்தது. சங்கிலி போட்டுக்கொள்வது ஒரு துக்கமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் கணவருக்குப் பாலக்கோட்டில் மோட்டார் பம்ப் விற்கும் கடையில் வேலை. போர்வெல் போடுகிறவர்கள் குறைந்ததும் அவருக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. மகள் யு.கே.ஜி. அந்தப் பள்ளியிலேயே அவள் தொடர்ந்து படிக்க வேண்டுமென்றால் நான் மறுபடி அந்த பஸ்ஸில் ஏறியாக வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதையும் யோசிக்கத் தெரியவில்லை. தனியார் பள்ளிகளில் கேட்டேன். பி.எட். இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள். தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் கூப்பிட்டார்கள், ஆனால் கடை மூடி வீடு வந்து சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தேன். குளிக்கப் போகும்போது மகளிடம் கொடுத்து, மணி அடித்தால் கதவைத் தட்டச் சொன்னேன். வந்ததெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகள்.

ஒரு வெள்ளிக்கிழமை குழாயடியில் எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு. புதுக் கயிறு, அதன் சாயம் ரவிக்கையில் இறங்கியிருந்தது. என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அடகு வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஐயோ பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியே, என் சங்கிலி இன்னும் என் கழுத்தில் இருக்கிறது என்றும் தோன்றியது. அன்று மத்தியானம் ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்தபோது ஒரு தூக்குப்போசியில் அவளுக்கும் எடுத்துப் போனேன். அவள் வாங்கிக்கொண்டாள். எதையோ சொல்ல வந்து, சொல்லாமல், போசியைக் கழுவித் தரட்டுமா என்று கேட்டாள். இல்லாதவர்களின் கூச்சம் என்று எண்ணிக்கொண்டு, மனசு நிறைந்து வீடு வந்தேன்.

திங்கட்கிழமை விடியும் முன் தெருமுனையில் ஹாரன் சத்தம். எழுந்து கதவைத் திறந்தேன். பஸ் விளக்கு வெளிச்சத்தில் அவள் ஓடிப்போய் ஏறுவது தெரிந்தது. டிரைவருக்குப் பின்னால் இரண்டு சீட் தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கயிறு கட்டியது வெள்ளிக்கிழமை என்றால் அதற்கு முன்பே கூப்பிட்டிருக்கிறார்கள். என் களியை வாங்கும்போது அவளுக்கு வேலை கையில் இருந்திருக்கிறது. நான் பாவம் பார்த்ததை உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைவிட அவள் எதில் கெட்டி? வேகமா? என் தட்டு ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லையே. ஒருவேளை அதிகம் கேள்வி கேட்டேனோ, சூப்பர்வைசரிடம் சிரித்துப் பேசாமல் போனேனோ என்று பழைய ஷிப்டுகளையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அத்தை, அதாவது என் மாமியார், காய் நறுக்கிக்கொண்டே அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசினார். என்னைச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்கும்படி சொன்னார்.

அந்த வாரமே அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பிஸ்கட் பாக்கெட். சொல்லாமல் போனதற்கு மன்னிப்பு கேட்டாள். எனக்காகப் பேசியதாகவும், டிகிரி படித்தவர்கள் நிலைத்து நிற்க மாட்டார்கள், இப்போது வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு விஷயத்துக்கு வந்தாள். இவ்வளவு நாள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட அவளுடைய மாமியார் இப்போது பெங்களூரில் மூத்த மகனோடு இருக்கிறார். கணவர் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே மண்டிக்குப் போய்விடுவார். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளைப் பள்ளி வேன் வரும்வரை பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

"நீங்க வூட்ல தானே இருக்கறீங்க அக்கா. சும்மா வேண்டாம். மாசம் ஆனா குடுத்துடறன்."

வீட்டில்தானே இருக்கிறீர்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி அனுப்பு என்று வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் முதல் இருட்டிலேயே கதவு தட்டப்படும். தூங்கும் குழந்தையை என் தோளில் மாற்றிப் போட்டுவிட்டு அவள் ஓடுவாள். அவள் மேல் வீசும் சோப்பு வாசனை என் தோளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் நானும் அந்த அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடியிருக்கிறேன். குழந்தைக்குப் புது ஷூ, புதுத் தண்ணீர் பாட்டில். என் மகள் ஒன்றும் கேட்க மாட்டாள். அந்தப் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடுவாள், அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எதிர் வீட்டின் மேல் எனக்கு எரியும்.

குழந்தைக்குத் தலைமுடி சுருட்டை. சிக்கு எடுக்க நேரமாகும். அந்த எரிச்சலை அதன் தலையில் காட்டிவிடக் கூடாது என்று பயந்து பயந்து, மிக மெதுவாகச் சீவினேன். அழக் கூடாது என்று தேங்காய் எண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனை மடித்துக் கட்டினேன். சீவும்போதே எழுத்துக் கூட்டச் சொல்வேன். வேன் வருவதற்குள் வீட்டுப்பாடமும் முடிந்துவிடும்.

பின்னலை யாரோ பார்த்திருக்கிறார்கள். பஸ்ஸில் பேச்சு போயிருக்கிறது. அதே பஸ்ஸில் போகும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன் இரட்டைக் குழந்தைகளை விட்டுப் போகலாமா என்று கேட்டாள். பிறகு இன்னொருத்தி. சாயங்காலமும் வைத்துக்கொள்ளுங்கள், பாடம் சொல்லிக் கொடுங்கள் என்றார்கள். கணவர் கடையிலிருந்து பழைய பம்ப் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, குழந்தைகள் பை வைக்க அடுக்கிக் கொடுத்தார். அத்தைக்குப் பிடிக்கவில்லை.

"பி.எஸ்சி படிச்சுட்டு ஊரார் புள்ளைக்கு மூக்கு சிந்தி வுடறா எம் மருமவ" என்று குழாயடியில் சொல்லியிருக்கிறார். ஆனால் குழந்தைகளுக்கு இட்லி ஊற்றும்போது அவரும் ஒரு தட்டு கூடுதலாகத்தான் ஊற்றினார்.

மாதம் பிறந்ததும் எல்லோரும் கொடுத்ததைச் சேர்த்து மகளின் பள்ளிக் கட்டணம் கட்டிவிட முடிந்தது. கணவர் சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷம் பாதிதான். ஹாரன் கேட்டால் இன்னும் வாசலுக்குப் போய் நின்றேன். ஜன்னலோரம் அவள் தலை சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஏஜென்ட்டிடமிருந்து அழைப்பு வந்தது. ஆர்டர் வந்திருக்கிறது, திங்கட்கிழமை வருகிறீர்களா, நாளைக்குள் சொல்லுங்கள் என்றார். எவ்வளவு காலமாகக் காத்திருந்த அழைப்பு. யாரிடமும் சொல்லாமல் பீரோவைத் திறந்து, பழைய மஞ்சள் கயிற்றை எடுத்துப் பார்த்தேன். சாயம் போயிருந்தது. புதுசு வாங்க வேண்டும் என்று நினைத்தேன். நான் போய்விட்டால் காலையில் இந்தக் குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்றும் நினைத்தேன். பார்க்கட்டுமே அவர்கள் அம்மாக்கள், எனக்கென்ன என்று அடுத்து நினைத்தேன். மறுபடி கூப்பிட்டு மறுபடி நிறுத்திவிட்டால்? இந்தக் குழந்தைகள் அதற்குள் வேறு வீட்டுக்குப் போயிருக்கும். அப்படியும் இப்படியுமாக நாள் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் வீட்டில் சத்தம் கேட்டது. குழந்தை அழுதது, பிறகு கதவு படாரென்று திறந்தது. ஒரு பக்கம் பின்னல் போட்டு, மறுபக்கம் அவிழ்ந்த தலையோடு, குழந்தை சீப்பும் ரிப்பனுமாகத் தெருவைக் கடந்து ஓடிவந்து, வாசலில் உட்கார்ந்திருந்த என் முன்னால் திரும்பி உட்கார்ந்தது.

"நீங்களே போடுங்க பெரிம்மா. அம்மா போட்டா வலிக்குது."

அவள் தன் வீட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். வாரத்தில் ஒரே ஒரு நாள் வீட்டில் இருக்கிறவள். கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு, வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. குழந்தையைத் திட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. என்னையும் என் மடியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தினமும் காலையில் ஜன்னலோரச் சீட்டை நான் அப்படித்தான் பார்த்தேன்.

நான் கூப்பிட்டிருக்கலாம். வா, நீயே போடு, எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறேன் என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாகச் சீவினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே தெருவைக் கடந்து வந்து எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்தாள். ஏஜென்ட் என்னையும் கூப்பிட்டது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"திங்கக்கெழம வர்றீங்களாக்கா?" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. நான் வந்தால் குழந்தையை எங்கே விடுவது என்ற பயம் அதில் இருந்தது. வந்துவிட்டால் தேவலை, மகள் என்னிடமிருந்து மீண்டு வருவாளே என்ற ஆசையும் இருந்ததோ என்னவோ.

"வரலம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் முடிவு செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அன்று மத்தியானம் ஏஜென்ட்டுக்கும் அதையே சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஹாரன் கேட்டதும் பழக்கத்தில் வாசலுக்குப் போனேன். ஒரு தோளில் அவள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகரும் வரை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த சீட்டின் மேல் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. குழந்தை தோளில் புரண்டு, என் சங்கிலியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்கியது.