ஐஸ் பொட்டலத்தில் ஒரு மெழுகுக்கட்டி

1993 பிப்ரவரி. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நாள் பயணம். ஊர் பார்க்க அல்ல. அக்காவின் சிறுநீரகத் திசுவைக் கொண்டுபோய்க் கொடுக்க.

அக்காவுக்கு மூன்று மாதமாகக் கால் வீக்கம். சிறுநீரில் புரதம். முதுகில் ஊசி செலுத்தி எடுத்த திசுவுக்கு வந்த அறிக்கையில் ஒரே வரி: மாதிரி போதாது. பார்க்க வேண்டிய, ரத்தத்தை வடிக்கும் நுண் வடிகட்டிகள் அதில் ஒன்றுகூட இல்லையாம். நோய் எதுவென்று தெரியாமல் எந்த மருந்தைத் தொடங்குவது? மறுபடி ஊசி போடலாம். அல்லது மெழுகில் பதித்திருக்கும் மிச்சத் திசுவைக் கோலாலம்பூரில் இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்கலாம்.

முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் சிறுநீர் ரத்தமாகவே போனது. "இன்னொரு தடவ படுக்க மாட்டேன்டா," என்றாள் அக்கா.

அப்போதெல்லாம் இதை நோயாளி வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். கிள்ளான் மருத்துவமனைக் கவுன்டரில் ஓர் உறை கொடுத்தார்கள். உள்ளே கட்டைவிரல் அளவு மெழுகு. "சூடு படாம பாத்துக்குங்க." எவ்வளவு சூடு? கேட்கவில்லை.

காலை 8.10. பேருந்து நிலையத்துத் தண்ணீர்க் கடையில் ஐம்பது காசுக்கு ஐஸ் வாங்கினேன்.

"என்ன தம்பி, மீனா?"

"இல்ல அண்ணே. அக்காவோட கிட்னி."

கடைக்காரர் சிரிக்கவில்லை. இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

முப்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், எண்பது காசு. சுபாங் ஜெயா அருகே நெரிசல், ஆகவே ஒன்றரை மணி நேரம். ஐஸ் உருகி மடி நனைந்தது. பக்கத்து இருக்கை ஆன்டி ஒருமுறை பார்த்தார், எழுந்து வேறிடம் போனார். என் மடியில் இருப்பது அக்காவா, அக்காவைப் பற்றிய சந்தேகமா?

ஆய்வுக்கூடத்தில் பொட்டலத்தைப் பிரித்த டெக்னீஷியன் சிரித்துவிட்டார். "பாஸ், இது மெழுகுலா! ஐஸ்கிரீம்னு நெனச்சீங்களா?" பிறகு, "பரவால்ல. சீவுறதுக்கு முன்னாடி நாங்களும் ஐஸ்லதான் வைப்போம்."

"சீவிச் சீவித் தீந்துட்டா?"

"தீந்துட்டா ஊசிதான்."

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தேன். வாழையிலைச் சாப்பாடு மூன்று வெள்ளி. பாதியில் எழுந்துவிட்டேன். எண்ணிலடங்காத வடிகட்டிகள் இருக்கும் இடத்தில் ஊசி ஒன்றைக்கூடத் தொடாமல் எப்படி வந்தது?

மாலை 4 மணி. ஆய்வுக்கூடத்தில் திசுவைப் பார்த்த டாக்டரம்மா வெளியே வந்தார். "கடைசிச் சீவல்கள்ல ஒண்ணு கெடச்சது. ஒண்ணே ஒண்ணு. சுவர் தடிச்சிருக்கு, சாயம் போட்டா முள்ளு முள்ளாத் தெரியுது. மெம்பரனஸ். எல்லா வடிகட்டியையும் ஒரே மாதிரி பிடிக்கிற நோய், அதனால ஒண்ணு போதும்."

"வேற நோயா இருந்தா டாக்டர்?"

"அங்கங்க மட்டும் பிடிக்கிற நோயா இருந்தா, பத்து கெடச்சாலும் சந்தேகப்பட்டிருப்பேன்."

ஒன்று போதும். பத்து போதாது. திரும்பும் பேருந்தில் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா வாசலிலேயே கேட்டாள். "ஊசி?"

"வேணாமாம்."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். "உள்ள இருக்கிற மிச்சதெல்லாம் அந்த ஒண்ணோட ஒத்துப்போகுதான்னு கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. மறுநாள் மருந்து தொடங்கியது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: மெழுகுக்கு ஐஸ் வேண்டாம், நிழல் போதும். காலைப் பேருந்தில் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் வராது. 'போதாது' என்ற அறிக்கை வந்தால், மறு ஊசிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் மிச்சத் திசு இருக்கிறதா என்று கேளுங்கள். அக்காவின் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.