வாடிய சவுக்குக்கு முதல் தண்ணீர்

திருவிடந்தைக்குத் தெற்கே, அம்மாவின் பங்காக வந்த மணல் நிலத்தில் சவுக்கு போட்டிருந்தோம். இரண்டு பக்கமும் பிளாட் கல் நட்டாகிவிட்டது. மரம் போனால் நிலத்தை விற்றுவிட வேண்டியதுதான் என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

அந்த வருஷம் ஓரத்து மரங்களின் நுனி வாடத் தொடங்கியது. வாடினால் தாகம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மரம், மாடு, நான், எல்லாருக்கும் அதே வைத்தியம். அம்மா காலையிலேயே மோட்டார் போட்டு, மண்வெட்டியோடு மடை திறந்துவிடுவாள். வாடிய மரத்துக்குத்தான் முதல் தண்ணீர். அங்கே நிரம்பி அடுத்ததற்குப் போகும். அடுத்ததும் வாடியது. இன்றைக்கு எது போயிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவேன்.

ஒருநாள் செங்கல்பட்டிலிருந்து விவசாய ஆபீசர் வந்தார். அம்மா டீ போடப் போயிருந்தாள். அவர் பட்டையைக் கீறியதும் உள்ளிருந்து கரிப்பொடி மாதிரி கொட்டியது.

“பூஞ்சை நோய். வாடின மரத்துல பாஞ்ச தண்ணிய நல்ல மரத்துக்கு விட்டது யாரு? அதுதான் தோப்பு பூரா கொண்டுபோயிருக்கு” என்றார்.

“நான்தான் சார்” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மண்வெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

தண்ணீரை நிறுத்தி, வாடியதை வேரோடு எடுத்து எரிக்கச் சொல்லிவிட்டு ஆபீசர் கிளம்பிவிட்டார். அம்மா டம்ளரோடு வந்து, “இன்னா சொன்னாரு?” என்றாள்.

“கன்னே சரியில்லையாம். நோவு அதுலயே இருந்துகீது. நான்தான் பாக்காம வாங்கியாந்துட்டேன். இனிமே தண்ணி வேணாம்னாரு.”

அம்மா பிடித்துக்கொண்டாள். “ஒரு கன்னு பாத்து வாங்கத் துப்பில்ல. என் நெலத்த நாசம் பண்ணிட்டியே.”

எரிக்கும்போதும் அதே பேச்சு, சோறு போடும்போதும் அதே பேச்சு. நல்லவேளை, பாதித் தோப்பு தப்பியது, நிலமும் தப்பியது. திட்டு மட்டும் நிற்கவில்லை. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஆட்டோவில் கேட்டேவிட்டேன்.

“ஆபீசர் சொன்னத அம்மாகிட்ட சொல்லேம்பா.”

“அவ என்னத் திட்டிட்டு நல்லாத் தூங்கறா. வுடு” என்றார்.

அப்பாவுக்கு ரோஷமே கிடையாது என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டேன்.