ஒரு மணி கூட்டிக்கொள்

எங்கள் ஹாலோகேட் ஊரில், கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் வெண்சுண்ணப் பாறையின் தலைமேல் அமைந்த தெருவில், பதினேழு கோடைகளாக அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு உணவும் படுக்கையும் அளித்தவர் டோரீன் பெட்லி. மூன்று வாரம் தங்கி ஆங்கிலம் பயில வரும் பதினான்கு வயதினர் அவர்கள், இத்தாலியரே மிகுதி. மதியத்துக்கு முட்டை வைத்த சாண்ட்விச், ஓர் ஆப்பிள், ஒரு பொட்டலம் சிப்ஸ். இரவு ஒன்பதரைக்குக் கதவடைப்பு. இவற்றில் அவர் தளர்ந்ததேயில்லை. பேருந்து ஓட்டிய கணவர் ரான் நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் மறைந்தார். மக்கட்பேறு இல்லை. செப்டம்பரில் தொடங்கும் அமைதி ஜூனில் முடியும் என்ற நம்பிக்கையில்தான் அவர் குளிர்காலங்களைக் கடந்தார்.

அவ்வீட்டில் அடி வைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் மாலையிலேயே ஒரு பாடம் கேட்டாக வேண்டும். அடுக்களைக் கதவில் ஓத அட்டவணை தொங்கும். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று நாள்தோறும் நேரம் குறித்த சிறு புத்தகம். கோடையில் எங்கள் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறோம். கடல் அதை அறியாது. புத்தகம் அச்சிடுவோரும் பழைய நேரத்தையே போட்டு வந்தனர். ஆகவே டோரீன் விரலை உயர்த்திச் சொல்வார்:

“புத்தகத்துல என்ன போட்டிருந்தாலும் ஒரு மணி கூட்டிக்கோ. கடல் உனக்காக நிக்காது.”

இந்த உறுதிக்குக் காரணம் ஊரறிந்தது. 1958-இல், டோரீனுக்குப் பதினாறு வயதாக இருக்கையில், தம்பி லெஸ்லி, கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை மூக்குக்கு அப்பாலுள்ள குகைக்கு நண்டு பிடிக்கப் போனான். நீர் சூழ்ந்ததும் நின்ற இடத்தில் நில்லாமல், மூக்கைச் சுற்றி நடந்தே கரையேறத் துணிந்தான். மூன்றாம் நாள் கடல் அவனைத் திருப்பித் தந்தது. அவனுக்கு வயது பதினான்கு.

1993-ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலியிலிருந்து ஒரு படக்குழு வந்து இறங்கியது. ஆங்கிலம் படிக்க வந்த இரு சிறுவயதினர் அயல்மண்ணில் காதல் கொள்ளும் நகைச்சுவைப் படம். இயக்குநர் டோரீனின் அடுக்களையில் அமர்ந்து மூன்று கோப்பைத் தேநீர் அருந்தி, அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். குகைக்குள் ஒரு பாறைத் திண்டில் காதலர் அமர்ந்திருக்க, நீர் ஏறி இறங்கும் காட்சி பற்றி அவர் கூறியபோது டோரீன் குறுக்கிட்டார்.

“அந்தக் குகையில திண்டே கிடையாதுங்க. தண்ணி கூரை வரைக்கும் ஏறும்.”

“படம்தானே, மிஸஸ் பெட்லி. காதலிக்கிறவங்க உக்கார ஒரு இடம் வேணாமா?”

திண்டை ரோமாபுரியில் மரத்தால் செய்து கொண்டார்கள். அடுத்த வசந்தத்தில் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. தலையில் சுருட்டை உருளைகளோடு வரும் வீட்டுக்காரி எதற்கெடுத்தாலும் “ஒரு மணி கூட்டிக்கோ” என்கிறாள். பையன் அதையே பிடித்துக்கொண்டு இரவு ஒரு மணி தாமதமாக வீடு திரும்புகிறான். கொட்டகை குலுங்கியது. ஏழாம் வரிசையில் டோரீன் கைப்பையை மடியில் இறுக்கியபடி இருந்தார். மறுநாள் இறைச்சிக் கடைக்காரர், “ஆறு சாசேஜ் கேட்டீங்க, ஒண்ணு கூட்டிக்கட்டுமா?” என்றார். டோரீன் ஆறுக்கே காசு கொடுத்து, ஆறே வாங்கி வந்தார்.

படத்தால் பயணிகள் பெருகவே, ஊர் மன்றம் தானே ஓத அட்டவணை அச்சிட்டு இலவசமாக வழங்கியது. அட்டையில் அவ்விரு இளம் நடிகர்களின் முகம். தூண்டில் கடைக்காரர் தாம் வழக்கமாக விற்கும் புத்தகத்தை அவ்வாண்டு வரவழைக்கவில்லை. டோரீன் முகத்தைச் சுளித்தபடி புதியதை வாங்கி வந்து, அட்டையைப் பின்னால் மடித்துக் கதவில் மாட்டினார். முதற்பக்கத்தின் அடியிலிருந்த சிறிய எழுத்துகளை அவர் படிக்கவில்லை. பதினேழு ஆண்டுகள் தாம் சொல்லி வந்ததை யார் புத்தகத்தில் தேடுவர்?

அந்த ஜூலையில் பெர்கமோ நகரிலிருந்து ஜினெவ்ரா வந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண். ஈரத் துண்டைக் கூட மடித்தே வைப்பாள். மூன்று வீடு தள்ளிப் பாலீன் சேயர் வீட்டில் தங்கியிருந்த எலியா என்ற பையன் மாலைதோறும் வேலியோரம் நின்று செருப்பைச் சரிசெய்வான். செருப்பில் பழுது ஏதுமில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

இரண்டாம் சனிக்கிழமை, வகுப்பில்லாத நாள். காலையில் ஜினெவ்ரா கேட்டாள்:

“மிஸஸ் பெட்லி, இன்னைக்குத் தண்ணி எப்ப வத்தும்?”

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த டோரீன் தலை நிமிரவில்லை. “புத்தகத்தப் பாரு, கண்ணு. ஒரு மணி கூட்டிக்க மறந்துடாதே.”

பெண் பார்த்தாள், பன்னிரண்டு நாற்பது. கூட்டி, ஒன்று நாற்பது என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.

இரண்டேகால் மணிக்குப் பாலீன் தேநீருக்கு வந்தார்.

“உன் மகாராணியும் என் மன்மதனும் குகைக்குக் கெளம்பிட்டாங்கடி. படத்துத் திண்டுல உக்காந்து சாண்ட்விச் சாப்பிடணுமாம். ‘கணக்கெல்லாம் சரியாப் போட்டாச்சு’ன்னு பெருமை வேற.”

டோரீன் புத்தகத்தை நோக்கினார். ஒன்று நாற்பதுக்கு வற்றம் என்றால் மூன்று மணி வரை மூக்கைச் சுற்றி வரலாம். அச்சமில்லை. ஆயினும் பழக்கத்தால் சன்னல் வழியே கடலைப் பார்த்தார். மூக்கின் நுனியில், அந்நேரம் பாசியோடு காய்ந்து கிடக்க வேண்டிய கரும்பாறை, தோள் வரை நீரில் நின்றது.

“பாலீன், என் கண்ணாடிய எடு.”

முதற்பக்கத்தின் அடியில் இருந்தது: நேரங்களில் கோடைக்கால மணி சேர்க்கப்பட்டுள்ளது. கடல் திரும்பி ஒன்றரை மணி ஆகிவிட்டது.

அவர் அலறவில்லை. கடலோரக் காவலுக்குத் தொலைபேசியில் இடம், எண்ணிக்கை, வயது மூன்றும் சொன்னார். பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், அடுக்களைச் செருப்போடு பாறை விளிம்பு வரை ஓடினார். படிகள் வழியே கீழிறங்கி நீரில் கால் வைத்தால் மூன்றாவது உயிரும் போகும் என்பது அவருக்குத் தெரியும். குகைக்கு நேர்மேலே குப்புறப் படுத்துத் தலையை நீட்டினார்.

கீழே இருவரும் குகை வாயிலில், முழங்கால் நீரில், காலணிகளைக் கையில் பிடித்து நின்றனர். முகம் மூக்கின் பக்கம் திரும்பியிருந்தது.

“ஜினெவ்ரா, நடக்காதே. குகைக்கு வெளியில, உங்க பின்னால இருக்கிற பெரிய பாறை மேல ரெண்டு பேரும் ஏறுங்க. படகு வருது.”

எலியா அண்ணாந்தான். “இடுப்பளவுதான் இருக்கும். சுத்திப் போயிடலாம்.”

“நீங்க சொன்ன மாதிரிதான் கூட்டினேன்,” என்றாள் பெண். “மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கே.”

டோரீன் அச்சிட்டவனைக் குறை சொல்லியிருக்கலாம், படத்தைக் குறை சொல்லியிருக்கலாம்.

“நான் சொன்னது தப்பு, கண்ணு. புத்தகத்துல ஏற்கெனவே கூட்டியிருக்கு. நான் படிக்கல. தப்பு முழுக்க என்னுது.”

“அப்ப இப்ப சொல்றத மட்டும் எப்படி நம்பறது?” என்றான் எலியா.

அலை ஒன்று வந்து அவர்கள் தொடையை நனைத்துப் போனது. டோரீன் முப்பத்தாறு ஆண்டுகளில் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“என் தம்பி அந்த வழியாத்தான் நடந்தான். உன் வயசு. இடுப்பளவுதான்னு நெனச்சான். பேரு லெஸ்லி.”

எலியா ஓரடி எடுத்து வைத்தான். ஜினெவ்ரா அவன் சட்டைக் கையைப் பற்றினாள், மேலே பார்த்தாள், மீண்டும் மூக்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பாறையின் பக்கம் இழுத்தாள். இருவரும் வழுக்கி வழுக்கி ஏறி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அமர்ந்தனர். படகு வர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அப்பாறையின் மேலும் கணுக்கால் அளவு நீர் ஏறியிருந்தது. அந்த இருபத்திரண்டு நிமிடமும் டோரீன் பேச்சை நிறுத்தவில்லை. எலியாவின் ஊரில் எந்தப் பந்தாட்ட அணி பெரிது என்று கூடக் கேட்டார்.

திங்களன்று ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியின் பொறுப்பாளர் ஹாலெட் டோரீனை அழைத்தார். பாலீனும் துணைக்குப் போனார்.

“எழுத்து எறும்பு மாதிரி இருந்துச்சுன்னு பெத்தவங்களுக்கு எழுதிடறேன்,” என்றார் ஹாலெட். “படத்து மேலயும் கொஞ்சம் பழியப் போட்டுடலாம். உங்க பேரு வராது.”

“எறும்பா இருந்தாலும் எழுத்து எழுத்துதான். எங்கிட்டக் கண்ணாடி இருக்கு. நான் போட்டுக்கல. அப்படியே எழுதுங்க.”

“அப்படி எழுதினா உங்க வீட்டப் பட்டியல்லருந்து எடுக்க வேண்டி வரும்.”

“வரும்.”

“பொண்ண எங்க வீட்டுக்கு அனுப்புங்க,” என்றார் பாலீன். “எலியா அவ சிப்ஸ்ல பாதியத் திம்பான். அதுக்கு மேல ஆபத்து ஒண்ணும் இல்ல.” ஹாலெட் சிரிக்கவில்லை.

கடிதம் டோரீன் சொன்னவாறே போயிற்று. எஞ்சிய நாட்களுக்கு ஜினெவ்ராவை ஓர் ஆசிரியை வீட்டுக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை கார் வந்து நின்றபோது அவள் பெட்டியுடன் வாசலில் தயங்கினாள்.

“நீங்க சொல்லாம இருந்திருக்கலாம், மிஸஸ் பெட்லி. எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது.”

“உங்க ரெண்டு பேருக்குத் தெரியுமே, கண்ணு,” என்றார் டோரீன். அவள் மேற்சட்டையின் பொத்தானைப் போட்டுவிட்டார்.

கார் திருப்பத்தில் மறைந்தது. அவர் மாடியேறி, படுக்கை விரிப்பைக் கழற்றித் துவைக்கப் போட்டார். புதிய விரிப்பை எடுக்கவில்லை.