எங்கள் ஓலையை எப்போது வாசிப்பீர்கள்?

எங்கள் கோயிலில் சாதிக்கும் ஞானஸ்நானம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இன்று ஆராதனை முடிந்ததும் வாலிபர் கூட்டம். எதையும் கேட்கலாம் என்றார் போதகர் ஐயா.

"சினிமா பாக்கது பாவமாய்யா?" என்றான் தீப்பெட்டி ஆபீஸ் சாமுவேல்.

"பாவந்தான்."

"டிக்கெட்டு ஓசின்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பாயில் எஸ்தரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வருஷக்கணக்காக ஆண்கள் பாயிலிருந்தே பார்க்கிறேன்.

அவள் கேட்கச் சொன்னதைத்தான் எழுந்து கேட்டேன். "வேற சாதிக் கிறிஸ்தவப் பிள்ளையக் கட்டுனா பாவமாய்யா?"

"பாவமில்லடே. ஆனா சபையார் ஒத்துக்கிட மாட்டாவ."

"பாவமில்லேன்னா, வார ஞாயித்துக்கிழமை எனக்கும் எஸ்தருக்கும் கல்யாணம்னு சபை முன்னால ஓலை வாசிங்கய்யா."

ஐயா ஜெபத்துக்குக் கண்களை மூடச் சொன்னார். எல்லோரும் மூடினார்கள். எஸ்தர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்திருக்குமே, சபையாரே! கண்ணைத் திறந்து சொல்லுங்கள்: எப்போது வாசிப்பீர்கள்?