எல்லை திறந்ததற்கு முடிகாணிக்கை

உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் இடையே அடைபட்டிருந்த எல்லைச் சாலை மறுபடி திறக்கப்படுகிறது என்ற செய்தியை விழுப்புரத்தில், அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், கைப்பேசியில் படித்தேன். திண்டிவனத்தில் என் தங்கையும் அதைப் படித்திருந்தாள். நான் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் அழைத்துவிட்டாள்.

"அண்ணா, பாத்தியா? தொறந்துட்டாங்க! வெள்ளிக்கெழம மயிலம் போயி முடி குடுக்கப் போறேன். நீயும் வரணும்."

தங்கையின் கணவர் ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை செய்கிறார். சோப்பு, சமையல் எண்ணெய், பிஸ்கட் வியாபாரம். அந்த நாட்டுக்குக் கடல் இல்லை. கடைக்கு வேண்டிய சரக்கெல்லாம் உகாண்டாவின் தலைநகர் கம்பாலா வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இரண்டு அரசுகளுக்கும் மனஸ்தாபம் முற்றி எல்லை மூடப்பட்டதும் அந்த வழி நின்றது. தான்சானியாவின் துறைமுகத்திலிருந்து லாரிகளில் சுற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தச் சுற்றுவழியைக் கவனிக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது, கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையை முதலாளி அனுப்பினார். லாரியோடு போவது, துறைமுகத்தில் காத்திருப்பது, சுங்கத்தில் பேசி சரக்கை எடுப்பது என்று மாதத்தில் பாதி வழியிலேயே கழிந்தது. சம்பளம் உயர்ந்தது. மகளைப் புதுச்சேரியில் நர்சிங் சேர்த்தது அந்தச் சம்பளத்தை நம்பித்தான்.

தங்கை கண்டது வேறு. அவர் வழியில் இருக்கும்போது ஃபோன் கிடைக்காது. லீவில் வரச் சொன்னால், "பார்டர் மூடிக்கினு கெடக்குது, நான் இல்லன்னா சரக்கு வராது" என்பார். தீபாவளி, பொங்கல் எல்லாம் அப்படியே போயின. கணவரைத் தன்னிடம் வரவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த எல்லைதான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அவர் வரவேண்டும் என்றுகூட வேண்டவில்லை. எல்லை திறந்தால் மொட்டை போடுகிறேன் என்று மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். இது அவருக்குத் தெரியாது. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

அன்று மாலை மாப்பிள்ளை என்னை அழைத்தார்.

"மச்சான், அவகிட்ட இப்ப சொல்லாதீங்க. இனிமே கம்பாலாவுல இருந்து நேரா சரக்கு ஏத்திடுவாங்க. சுத்து வழிக்கு ஆளு தேவயில்ல. என் வேல காலி."

"பழையபடி பில்லு போடற வேல?"

"அந்த எடத்துல வேற ஆளு உக்காந்துக்கினு கீறான். மாசக் கடைசி வரிக்கும் இருன்னாரு மொதலாளி. மனுஷன் நல்லவரு தான், அவரு இன்னா பண்ணுவாரு?" பிறகு சொன்னார்: "இங்க எல்லாரும் குஷியா கீறாங்க மச்சான். டிரைவருங்க டான்ஸே ஆடறாங்க. நானும் சிரிச்சிக்கினே நின்னேன்."

அந்த மகிழ்ச்சியில் தப்பு சொல்ல முடியாது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்தார் பிரிந்து கிடந்ததையும், தலையில் காய்கறி சுமந்து கடந்துபோய் விற்ற பெண்கள் பிழைப்பில்லாமல் போனதையும் படித்திருக்கிறேன். தூதர்கள் பேசினார்கள், அதிகாரிகள் போய் வந்தார்கள் என்ற ஒவ்வொரு செய்தியையும் நல்ல செய்தி என்றுதான் குறித்து வைத்தேன். எல்லை திறந்ததும் நல்ல செய்திதான். ஆனாலும் அன்று தங்கையை அழைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மயிலத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறும்போதும், சொல்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யவில்லை. மலையடியில் தங்கை மாமியாரோடு காத்திருந்தாள். படியேறும்போதே மாமியார் ஆரம்பித்தார்.

"நீயாவது சொல்லுப்பா. கட்டுனவன் கடல் தாண்டி கீறான், இவ தலைய மழிச்சிக்கினு நிக்கப் போறாளாம். பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? நுனியில கொஞ்சம் வெட்டி பூமுடி குடுத்தா சாமி வாணாம்னா சொல்லுது?"

"வேண்டிக்கினது மொட்டைக்கி, அத்த. இப்ப வந்து ரெண்டு முடி எடுத்துக்கோன்னு பேரம் பேசவா?"

"பேசாத. ஒரு வருசத்துக்கு ஷாம்பு செலவு மிச்சம்."

தங்கை சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்ததும்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெரியாமல் அவளை மொட்டைக்கு உட்கார வைப்பது சரியில்லை என்று பட்டது. மாமியார் தேங்காய் பழம் வாங்க நின்றபோது அவளை ஓரமாக அழைத்துப் போய், மாப்பிள்ளை சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். முடி இறக்கும் சீட்டைக் கையில் வைத்தபடி கேட்டாள்.

"அப்ப அவரு வேல போவணும்னா நான் இத்தினி நாளா வேண்டிக்கினு இருந்தேன்?"

"ரெண்டு கவர்மென்ட்டும் பேசித் தீத்துக்கினாங்க. இதுல உன்னால ஆனது ஒண்ணுமில்ல."

"அது உனக்கு."

"இன்னிக்கி வாணாம்மா. சாமி கும்பிட்டு வீட்டுக்குப் போவலாம்."

அவள் தலையாட்டவில்லை. "தொறக்கணும்னு கேட்டேன். தொறந்துச்சி. எனக்கு ஒத்து வரலன்னு இப்ப இல்லன்னு சொல்ல முடியுமா? அவர வரவைன்னு கேட்டிருக்கணும். நேரா கேக்கத் தெரியல எனக்கு."

முடி இறக்குபவர் அவள் தலையில் தண்ணீரைத் தடவியபடி, "இன்னாம்மா வேண்டுதலு, பொண்ணு கல்யாணமா?" என்று கேட்டார்.

"பார்டரு தொறக்கணும்னு."

"எந்த பார்டரு? பாகிஸ்தானா?"

"ஆப்பிரிக்காவுல."

கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "முருகனுக்கு அவ்ளோ தூரம் டூட்டி போட்டுட்டீங்களே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

தரிசனம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். தலையில் சந்தனம் காயவில்லை. கைப்பேசி ஒலித்தது. வீடியோ அழைப்பு, மாப்பிள்ளைதான். அவள் முந்தானையை இழுத்து நெற்றிவரை போர்த்திக்கொண்டு எடுத்தாள்.

"கோயில்லயா கீற? இன்னா முக்காடு?"

"வெயிலு. மண்டைய பொளக்குது."

"பார்டரு தொறந்துட்டாங்க, கேள்விப்பட்டியா?"

"பட்டேன். நல்லது தான?"

"நல்லது தான்." அவர் எங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினார். "கம்பாலாவுல ஒரு எடத்துல ஆளு கேக்கறாங்க. இப்ப தான் ரோடு தொறந்துட்டாங்களே, பஸ்சுலயே போயிடலாம். போயி பாத்துட்டு வர்றேன்."

"ஊருக்கு?"

"மொதல்ல அத பாத்துடறேன். கொழந்த படிப்பு முடியட்டும்."

"சரி. பாத்துப் போ" என்றாள். குரல் மாறவில்லை.

மாமியார் மகனிடம் பேசக் கையை நீட்டினார். தங்கை, சிக்னல் இல்லை என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மொட்ட போட்டத அவருகிட்ட சொல்லிடாதீங்க அத்த. எதுக்குன்னு கேப்பாரு."

"கேட்டா சொல்ல வேண்டியது தான? அவனுக்காகத் தான குடுத்த?"

தங்கை கைப்பேசியைப் பைக்குள் வைத்து மூடினாள். மாமியார் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.