மழைக்குக் கொம்பு எந்தப் பக்கம்

கோவில்பட்டியில் வாங்கிய பழைய லேப்டாப்பில் பைத்தான் என்ற கணினி மொழியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி பிறந்தும் கரிசலில் துளி விழவில்லை. அதனால்தானோ என்னவோ, முதல் டெக்ஸ்ட் ஃபைலில் ‘மழை’ என்று எழுதி மூடினேன். மறுபடி திறந்து, அதை வரிக்கு ஓர் எழுத்தாகக் காட்டச் சொன்னேன். ம வந்தது. அடுத்து ழ. கொம்பு அதற்கும் பிறகுதான் வந்தது. ழகரத்துக்கு முன்னால் கொம்பு போட்டே பழகியவன் நான். எரிச்சலோடு நாலு தடவை ஓட்டினேன், அதே வரிசைதான். பிறகுதான் உறைத்தது. கை எழுதும் வரிசையில் அல்ல, வாய் சொல்லும் வரிசையில் ஃபைல் அதை வைத்திருக்கிறது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

தைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணாங்கிளாஸ்ல நானும் இப்படித்தான் எழுதுனேன். டீச்சர் கையிலயே அடிச்சாவ.”