புதன்கிழமைச் சோறு

ஆறு மாதம் நான் சோற்றைத் தொடவில்லை. திருவாரூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில் எனக்கு வேலை. வந்து இறங்கும் நெல்லில் ஈரம் பார்ப்பது, அரைத்த அரிசியில் நொய் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது. நாள் முழுக்க அரிசியைக் கையில் அள்ளிவிட்டு மதியம் டப்பாவைத் திறந்தால் இரண்டு அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் இருக்கும். அதில் எனக்குப் பெருமைதான். பதினோரு கிலோ குறைந்திருந்தேன். பழைய சுடிதார்களை எல்லாம் டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

பிறகு எடை நின்றுவிட்டது. சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். காலை நடையோடு மாலை நடையும் சேர்த்தேன். எடை மெஷினில் எண் மாறவில்லை. சித்திரை வெயிலில் ஆலையே கொதிக்கும்போது எனக்கு மட்டும் விரல் நுனி சில்லிட்டது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாதவிடாய் இரண்டு மாதமாக வரவில்லை.

அதை முதலில் கேட்டது மாமியார்தான். "ஏம்மா, நாள் தள்ளிப் போயிருக்கா?"

"ரெண்டு மாசமாச்சு அத்தை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. அடுத்த பிள்ளைக்காக அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். அன்று மாலை கணவர் மருந்துக்கடையில் டெஸ்ட் கிட் வாங்கி வந்தார். ஒரே ஒரு கோடுதான் விழுந்தது. எனக்காக வாங்கி வைத்திருந்த மாதுளையை மாமியார் உரித்து மகளிடம் கொடுத்தார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுவாரம் தஞ்சாவூரில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன்.

"அப்பறம்?"

"அவ்வளவுதான் டாக்டர்."

பேனாவை மூடி வைத்தார். "உங்க உடம்பு பஞ்சம் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. கொழுப்பும் சாப்பாடும் இப்படிக் குறைஞ்சா, பசியை அடக்குற ஹார்மோன், தைராய்டு, மாதவிடாய் ஹார்மோன் எல்லாம் இறங்கிடும். இதுல இன்னும் பட்டினி கெடந்தா எப்படிங்க?"

"அப்ப டயட்டை விட்டுடவா?"

"இப்போதைக்கு விடுங்க. தினமும் சாப்பாட்டைக் கூட்டுங்க. புதன், ஞாயிறு வயிறு நிறைய சோறு சாப்பிடுங்க. எண்ணெய்ப் பலகாரம் இல்ல, சோறு. உடம்பு தேறினப்பறம் மெதுவா குறைக்கலாம், அப்பவும் அந்த ரெண்டு நாளை விடக்கூடாது, அப்பத்தான் பஞ்சம் இல்லன்னு உடம்புக்குத் தெரியும். எல்லாருக்கும் இது பொருந்தாது, உங்களுக்குச் சொல்றேன். மறுநாள் எடை ஏறும். அது தண்ணி, பயப்படாதீங்க."

முதல் புதன்கிழமை ஆலையில் வத்தக்குழம்பும் கீரையும் சோறுமாகக் கேரியரைத் திறந்தேன். பக்கத்தில் உட்காரும் பெண், "என்னக்கா, உண்மையிலேயே சோறா?" என்று எட்டிப் பார்த்தாள். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். மறுநாள் காலை ஒன்றரை கிலோ கூடியிருந்தது. ஆறு மாத உழைப்பும் போய்விட்டதாக அழுதேன். கணவர் மெஷினைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். "தண்ணின்னு டாக்டரே சொன்னாங்கல்ல? சனிக்கிழமை எடுத்துத் தர்றேன்."

சனிக்கிழமை பார்த்தபோது கூடியதில் பெரும்பங்கு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை.

மூன்றாவது மாதம், நெல் லாரி இறங்கிக்கொண்டிருந்த மும்முரத்தில் மாதவிடாய் வந்தது. கைவசம் நாப்கின் இல்லை. பக்கத்தில் உட்காரும் அதே பெண்ணிடம் வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் நின்று தனியாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னேன். அவருக்குள் இன்னும் ஏதாவது ஆசை இருந்திருக்கலாம். ஆனால், "உடம்பு நல்லாருந்தா போதும்மா" என்று சொல்லி, சுடச்சுடக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

டாக்டர் சரி என்றபின் மறுபடி குறைக்க ஆரம்பித்தேன். இம்முறை அவசரமில்லை. புதனும் ஞாயிறும் சோறு, மற்ற நாட்களில் அளவாக எல்லாம். நான்கு கிலோ குறைய எட்டு மாதம் பிடித்தது. இடையில் ஒரு மாதம்கூட நாள் தவறவில்லை. முடி கொட்டுவதும் நின்றது. சென்ற மாதம், இன்னும் இரண்டு கிலோ குறைத்தால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. கண்ணாடி முன் நின்று என்னை நன்றாகப் பார்த்தேன். போதும் என்று நானே முடிவு செய்தேன்.